திவால் போட்டா வீடு, கார், நகை எல்லாம் போயிடுமா? டெக்சாஸ்ல இருக்கிறவங்களுக்கு படிப்படியா

பேங்க்ரப்ட்சி போட்டா கட்டின துணியோட தெருவுல நிக்கணும்னு தான் நம்மாளுங்க பாதி பேர் நெனச்சிட்டு இருக்காங்க. அப்படி இல்லைங்க. கடன்காரங்க தொடக்கூடாதுன்னு சட்டமே கொஞ்சம் சொத்த ஒதுக்கி வெச்சிருக்கு, அது தான் எக்ஸெம்ப்ஷன். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும், நான் சொல்றது டெக்சாஸ்ல சேப்டர் 7 (எக்ஸெம்ப்ஷன்ல வராத சொத்த வித்து கடன்காரங்களுக்கு குடுத்துட்டு, மிச்ச கடன பெரும்பாலும் தள்ளுபடி பண்ற வகை திவால்) போடுறவங்களுக்கு.

மொதல்ல நாள் கணக்கு பாருங்க. ஃபைல் பண்றதுக்கு முன்னாடி 730 நாள் முழுசா டெக்சாஸ்ல குடியிருந்தா தான் டெக்சாஸ் சட்டம். போன வருஷம் தான் நியூஜெர்சில இருந்து வந்தீங்கன்னா, அந்த 730 நாளுக்கும் முந்தின 180 நாள் பெரும்பாலும் எங்க இருந்தீங்களோ அந்த மாநில சட்டம் தான் பொருந்தும்.

அடுத்து ஷெட்யூல் ஏ/பி, அதாவது சொத்து விவரம் எழுதுற கோர்ட் ஃபாரம். எல்லாத்தையும் எழுதணும், எல்லாத்தையும்னா ஊர்ல உங்க பேர்ல கெடக்கிற மனை, அங்க பேங்க்ல போட்ட எஃப்டி, லாக்கர்ல இருக்கிற நகை வரைக்கும், ஏன்னா சொத்து எந்த நாட்டுல இருந்தாலும் கணக்குல வரும், மறைச்சா கிரிமினல் கேஸே ஆகலாம். கடன் போக மிச்சம் என்னன்னு போடுங்க, 20,000 டாலர் காருக்கு 17,000 லோன் இருந்தா உங்களுது வெறும் 3,000 தான். ஆனா எக்ஸெம்ப்ஷன் இருக்குன்னு அந்த லோன் கட்டாம விட்டா வண்டிய தூக்கிட்டு போயிடுவான்.

இப்போ தான் முக்கியமான இடம். டெக்சாஸ்ல ரெண்டு லிஸ்ட்: மாநிலத்தோடது, ஃபெடரலோடது (மத்திய அரசோடது). ஏதாவது ஒண்ணு தான், அதுல பாதி இதுல பாதி கிடையாது. மாநில லிஸ்ட்ல குடியிருக்கிற வீட்டுக்கு விலை வரம்பே இல்ல, டவுனுக்குள்ள 10 ஏக்கர் வரைக்கும் (ஆனா வீடு வாங்கி 1215 நாள் ஆகலைன்னா பொதுவா 2,14,000 டாலர் வரை தான்). கார், ஃபர்னிச்சர், நகை எல்லாம் சேத்து குடும்பத்துக்கு 1,00,000, தனி ஆளுக்கு 50,000, அதுல நகை கால்வாசி வரைக்கும். ஆனா பேங்க்ல கெடக்கிற சேமிப்புக்கு ஒண்ணும் இல்ல! ஃபெடரல்ல ஏப்ரல் 2025 கணக்குப்படி ஆளுக்கு வீட்டுக்கு 31,575, நகைக்கு 2,125 தான், ஆனா வீடே இல்லாதவங்க வைல்ட்கார்டுன்னு 17,475 வரைக்கும் எதுக்கு வேணா போட்டுக்கலாம். அதனால சொந்த வீடும் நகையும் இருந்தா மாநில லிஸ்ட், வாடகை வீடு, கையில கொஞ்சம் காசுன்னா ஃபெடரல். 401(கே) பணத்துக்கு (கம்பெனி மூலமா சேக்கிற ரிட்டயர்மென்ட் பணம்) ரெண்டுலயும் பயமில்ல.

கடைசியா ஷெட்யூல் சி, அதாவது எக்ஸெம்ப்ஷன் கேக்குற ஃபாரம். பொருள், மதிப்பு, எந்த சட்டப் பிரிவுன்னு நீங்களே எழுதணும், எழுதலைன்னா தானா கிடைக்காது. கடன்காரங்க மீட்டிங் முடிஞ்சு 30 நாளைக்குள்ள ட்ரஸ்டியோ (உங்க கேஸ்ல சொத்த பாத்துக்க நியமிக்கப்பட்டவர்) கடன்காரங்களோ ஆட்சேபிக்கலைன்னா அது உங்களுது தான்.

இன்னொண்ணு, ஃபைல் பண்றதுக்கு முன்னாடி நகைய தங்கச்சி பேர்ல மாத்துறது, மனைய அம்மா பேருக்கு எழுதி வைக்கிறதுன்னு எந்த வேலையும் வேணாம். ட்ரஸ்டி ரெண்டு வருஷம் பின்னாடி போய் தோண்டுவார், சொத்து கைமாத்தினத பத்தின டெக்சாஸ் சட்டத்த அவர் பயன்படுத்தினா நாலு வருஷம். ஊர்ல இருக்கிற அந்த மனைக்கு டெக்சாஸ் லிஸ்ட்ல இடமே இல்ல, ஃபெடரல் வைல்ட்கார்டு தான் ஒரே வழி, அதனால வக்கீல்கிட்ட போனதும் மொதல்ல மனைய பத்தி பேசுங்க.