பெரிய கடையைப் புறக்கணிப்பது எப்படி: டார்கெட் விவகாரத்தை வைத்து ஒரு செய்முறை

"இனிமேல் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்" என்று சொல்வது சுலபம். மூன்றாவது வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு டயப்பர் தீர்ந்துபோய், திறந்திருப்பது அந்தக் கடை மட்டும்தான் என்கிறபோது என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பெரிய கடைத்தொடரை அதன் அரசியல், சமூக நிலைப்பாட்டுக்காகப் புறக்கணிக்க நினைப்பவர்களுக்கு, அதை உருப்படியாகச் செய்யும் வழியை அமெரிக்காவின் டார்கெட் கடைகளுக்கு எதிராக 2025-இல் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் 2020-இல் போலீஸ் கையில் கொல்லப்பட்ட மினியாபொலிஸ்தான் டார்கெட்டின் தலைமையகம் இருக்கும் ஊர். அதற்குப் பிறகு அந்த நிறுவனம் கறுப்பினத்தவரின் தொழில்களுக்கு 2025 முடிவதற்குள் 200 கோடி டாலர் செலவிடுவோம் என்றது, இன்னும் பல வாக்குறுதிகள் கொடுத்தது. டிரம்ப் மறுபடி பதவியேற்ற நாலே நாளில், 2025 ஜனவரி 24 அன்று, பன்முகத்தன்மைத் திட்டங்கள் (வேலையிலும் வணிகத்திலும் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் வாய்ப்புக் கொடுக்கும் ஏற்பாடுகள்) பலவற்றை முடித்துக்கொள்கிறோம் என்று அறிவித்தது. நெகிமா லெவி ஆம்ஸ்ட்ராங் உள்ளிட்ட மினியாபொலிஸ் செயற்பாட்டாளர்கள் பிப்ரவரி 1 முதல் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். அட்லாண்டா அருகே பெரிய தேவாலயம் ஒன்றின் போதகரான ஜமால் பிரையன்ட், மார்ச் 5 தொடங்கி தவக்காலத்தின் 40 நாளும் 'டார்கெட் நோன்பு' என்று அழைப்பு விடுத்தார்.

சரி, இப்போது நம் வேலைக்கு வருவோம். முதலில் என்ன வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். புறக்கணிப்பும் ஒரு பேரம்தான்; விலையே சொல்லாமல் கடையை விட்டு வெளியே போய்விட்டால் கடைக்காரர் யாரைத் திரும்பக் கூப்பிடுவார்? பிரையன்ட் நான்கு கோரிக்கைகள் வைத்தார்: அந்த 200 கோடி டாலர் வாக்கைக் காப்பாற்று, கறுப்பினத்தவர் வங்கிகளில் 25 கோடி டாலர் வைப்பு வை, பன்முகத்தன்மைத் திட்டங்களை எல்லா மட்டத்திலும் திரும்பக் கொண்டுவா, கறுப்பினத்தவருக்கான பத்துக் கல்லூரிகளில் சில்லறை வணிகம் கற்பிக்கும் மையங்கள் அமை. இவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இதே சமயத்தில், பிப்ரவரி 28 அன்று, ஒரு நாள் முழுக்க எந்தப் பெரிய நிறுவனத்திலும் எதுவும் வாங்காதீர்கள் என்று இன்னொரு அழைப்பு பரவியது. எல்லா நிறுவனமும் இலக்கு, ஒரே ஒரு நாள், குறிப்பான கோரிக்கை எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை வாங்காததைச் சனிக்கிழமை வாங்கினால் காலாண்டுக் கணக்கில் அது தெரியவே தெரியாது. ஒருநாள் புறக்கணிப்பு நமக்கு நாமே முதுகில் தட்டிக்கொள்வதற்குத்தான் உதவும் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது, அங்கே வாங்காவிட்டால் எங்கே வாங்குவது. இதை யோசிக்காமல் இறங்கித்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். டார்கெட்டை விட்டு வால்மார்ட்டுக்குப் போனவர்கள் உண்டு. வால்மார்ட்டோ 2024 நவம்பரிலேயே இதே திட்டங்களைச் சுருட்டிவைக்க ஆரம்பித்துவிட்டது. அமேசானும் பின்வாங்கிய பட்டியலில் இருக்கிறது. உங்கள் கோபம் அந்தக் கொள்கை மீது என்றால், அந்த இரண்டுக்கும் மாறுவதில் அர்த்தமே இல்லை. காஸ்ட்கோவில் இந்தத் திட்டங்களை எதிர்த்து ஒரு பங்குதாரர் தீர்மானம் வந்தது, 2025 ஜனவரி 23 அன்று 98 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் தோற்றது, அதனால் பலர் அங்கே நகர்ந்தார்கள். ஆனால் காஸ்ட்கோவில் எல்லாம் மூட்டை மூட்டையாகத்தான் கிடைக்கும், உறுப்பினர் கட்டணம் வேறு, இரண்டு பேர் இருக்கும் அபார்ட்மென்டுக்கு அது ஒத்துவராது. மாதாமாதம் வாங்கும் இருபது சாமானைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே வேறொரு கடை எழுதுங்கள். எதற்கும் வழியே இல்லை என்றால், குழந்தையின் பால் பவுடர் மாதிரி, அதை மட்டும் விதிவிலக்கு என்று முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முழுசாகச் செய்ய ஆரம்பித்து மூன்றாம் வாரம் மொத்தமாகக் கைவிடுவதைவிட இது மேல்.

அப்புறம், கடை எது, கடைக்குள் இருக்கும் வேறு கடை எது என்று பிரித்துப் பாருங்கள். டார்கெட்டுக்குள் இருக்கும் மருந்துக் கவுன்டர் டார்கெட்டுடையது இல்லை, 2015-இல் சிவிஎஸ் என்ற மருந்துக்கடைத் தொடருக்கு விற்றாகிவிட்டது. அங்கிருந்து பிரிஸ்கிரிப்ஷனை வேறு கடைக்கு மாற்றுவது சிரமம் என்றால் மாத்திரையை வாங்கிக்கொண்டு நேராக வெளியே வந்துவிடலாம். வாசலில் இருக்கும் ஸ்டார்பக்ஸ் நேர்மாறு: பெயர்தான் ஸ்டார்பக்ஸ், உரிமம் வாங்கி நடத்துவது டார்கெட், காபி போட்டுத் தருபவரும் டார்கெட் ஊழியர்தான். வீட்டுக்குச் சாமான் கொண்டுவரும் ஷிப்ட் செயலியும் 2017-லிருந்து டார்கெட்டுக்குச் சொந்தம். அதில் வேறு கடைச் சாமான் வாங்கினாலும் இவர்களுக்கு ஒரு பங்கு போகும். கடைக்கே போகாவிட்டாலும் பணம் பிடிப்பது தானாகப் புதுப்பிக்கும் சந்தாதான், அதை முதலில் நிறுத்துங்கள். டார்கெட் கிரெடிட் கார்டு இருந்தால் அதை மட்டும் ஆத்திரத்தில் மூடாதீர்கள், கிரெடிட் ஸ்கோர் அடிவாங்கலாம். டிராயரில் போட்டுவைத்தால் போதும்.

கிஃப்ட் கார்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எல்லோரும் தலைகீழாக நினைக்கிறார்கள். கார்டில் கிடக்கும் பணம் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்தபோதே அவர்கள் கைக்குப் போய்விட்டது. நீங்கள் செலவழிக்காமல் விட்டால் சாமான் தராமலே அவர்கள் அதை வைத்துக்கொள்வார்கள். கடைசி சென்ட் வரை தீர்த்துவிடுங்கள், கையிலிருந்து மேற்கொண்டு எதுவும் போடாமல்.

இதைவிட முக்கியம், நீங்கள் போய்விட்டதை அவர்களிடம் சொல்வது. சும்மா நின்றுவிட்டால், வீடு மாறிவிட்டார் போலிருக்கிறது என்றுதான் கணக்கில் வரும். செயலியில் பழைய ஆர்டர்களைத் திறந்து கடந்த ஒரு வருடத்துத் தொகையைக் கூட்டுங்கள், மயக்கம் வரும் அளவுக்கு இருக்கும். அந்தத் தொகை, நீங்கள் நிறுத்திய தேதி, காரணம், என்ன செய்தால் திரும்புவீர்கள், இந்த நான்கை மட்டும் எழுதி வாடிக்கையாளர் சேவைக்கும் தலைமையகத்துக்கும் அனுப்புங்கள். திட்டாதீர்கள், முக்கியமாக பில் போடும் பெண்ணையும் அலமாரி அடுக்கும் பையனையும். முடிவெடுத்தவர்கள் அவர்கள் இல்லை. டார்கெட்டுக்குப் பெங்களூரு மான்யதா டெக் பார்க்கிலும் பெரிய அலுவலகம் இருக்கிறது, நம் சொந்தக்காரர் யாராவது அங்கே வேலை பார்க்கலாம். கல்யாண வீட்டில் அவரைப் பிடித்துக் கேள்வி கேட்டுப் பயனில்லை.

யாருக்காகப் புறக்கணிக்கிறோமோ அவர்களுக்கே அடி விழும் ஆபத்தும் உண்டு. டார்கெட் அலமாரியில் பொருள் வைத்திருந்த கறுப்பினத் தொழில்முனைவோர் சிலர் ஆரம்பத்திலேயே கவலைப்பட்டார்கள். சமையல் நிகழ்ச்சிகளால் பிரபலமான டபிதா பிரவுன், எங்கள் விற்பனைதான் முதலில் விழும் என்று காணொளி போட்டு எச்சரித்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்கு நல்ல பதில், அந்தப் பொருள்களை அவரவர் இணையதளத்தில் நேரடியாக வாங்குவது. கொஞ்சம் விலை கூடும், கூரியர் செலவு இருக்கும், பரவாயில்லை.

பலன் இருந்ததா? 2025 முதல் காலாண்டில், திறந்து ஒரு வருடத்துக்கு மேலான கடைகளும் இணையமும் சேர்ந்த விற்பனை 3.8 சதவீதம் சரிந்தது. அப்போதைய தலைவர் பிரையன் கார்னெல், இறக்குமதி வரிக் குழப்பம், மக்களின் நம்பிக்கைச் சரிவு ஆகியவற்றோடு ஜனவரி அறிவிப்புக்கு எழுந்த எதிர்வினையையும் காரணமாகச் சொன்னார். ஆகஸ்டில் அவர் விலகப் போகும் செய்தியும் வந்தது. எல்லாம் புறக்கணிப்பால்தான் என்று மார்தட்டுவது பொய், ஆனால் நிறுவனமே வாய் திறந்து ஒத்துக்கொள்வது சாதாரண விஷயமில்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: 2023-இல் எதிர்முகாம், அதாவது வலதுசாரிகள், பிரைட் மாத (பால்புதுமையினர் உரிமையைக் கொண்டாடும் மாத) ஆடைகளுக்காக இதே டார்கெட்டைப் புறக்கணித்தார்கள், அந்த இரண்டாம் காலாண்டில் இதே கணக்கில் விற்பனை 5.4 சதவீதம் விழுந்தது, சில பொருள்கள் அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டன. எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் சாயும் நிறுவனம் இது என்று தெரிந்துதான் பேரத்தில் இறங்க வேண்டும்.

சட்டம் பற்றிப் பயம் வேண்டாம். மிசிசிப்பியின் போர்ட் கிப்சனில் 1966-இல் தொடங்கிய புறக்கணிப்பு தொடர்பான வழக்கில், அமைதியான புறக்கணிப்புக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-இல் சொல்லிவிட்டது. கல் எறிந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கடைசியாக, எப்போது நிறுத்துவது என்பதையும் தொடங்கும்போதே முடிவு செய்யுங்கள். ஜல்லிக்கட்டுப் போராட்டச் சூட்டில் 2017 மார்ச் 1 முதல் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்றன, பொவண்டோவுக்குக் கொஞ்ச நாள் நல்ல கிராக்கி. என்ன நடந்தால் முடியும் என்று யாருக்கும் தெளிவில்லை. இன்று எந்தப் பெட்டிக்கடையிலும் இரண்டும் கிடைக்கின்றன. கலிஃபோர்னியா திராட்சைத் தொழிலாளர்களின் புறக்கணிப்பு வேறு மாதிரி. 1965-இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 1970-இல் ஒப்பந்தம் கையெழுத்தானதும் முடிந்தது, சங்கத்தின் கறுப்புக் கழுகு முத்திரை பெட்டியில் இருந்தால் வாங்கலாம் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. உங்கள் கோரிக்கை நிறைவேறினால் நீங்களும் திரும்பப் போங்கள், போகிற அன்றே எதற்காகத் திரும்பினீர்கள் என்று அதே முகவரிக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.