லார்க்ஸ்பர் பூக்கும் வாரங்களில் மாடுகளைக் காப்பது
அமெரிக்காவின் மேற்கு மலைப்பகுதி மேய்ச்சல் நிலங்களில் நீலப் பூக்களோடு வளரும் உயரமான லார்க்ஸ்பர் செடியில், நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுக்கும் ஆல்கலாய்டுகள் எனும் நச்சுப் பொருள்கள் உள்ளதால், அதை மிகுதியாகத் தின்ற மாடு கால் தளர்ந்து விழுந்து, மூச்சுத் தசைகள் செயலிழந்து இறக்கக்கூடும். இளந்தளிரில் நஞ்சு அதிகம் என்றாலும் அப்போது மாடுகள் பொதுவாக அதைத் தொடுவதில்லை. பூங்கொத்து நீண்ட பிறகே விரும்பித் தின்கின்றன. ஆகவே, பூக்கத் தொடங்குவதிலிருந்து காய் முற்றும்வரை உள்ள வாரங்களில் மாடுகளை வேறு நிலத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. செம்மறியாடுகள் இந்நஞ்சைப் பெரிதும் தாங்குமாதலால், மாடுகளுக்கு முன்னதாக அவற்றை மேயவிட்டுச் செடியைக் குறைப்போரும் உண்டு. விழுந்த மாட்டை விரட்டி எழுப்புவது (பதற்றத்தில் பலரும் செய்வது இதுதான்) நிலைமையை மோசமாக்கும். வயிறு உப்பாதபடி, தலை மேட்டுப்பக்கம் இருக்க நெஞ்சின்மேல் படுக்கவைத்துவிட்டு, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.