ஹம்மஸ் கொரகொரப்பாக வந்ததற்குக் காரணம் தண்ணீர்

வீட்டில் அரைத்த ஹம்மஸ் (கொண்டைக்கடலையும் எள் விழுதும் சேர்த்து அரைப்பது) வழவழப்பாக வராமல் நாக்கில் ரவை போலத் தட்டுப்பட்டது. ஆலிவ் எண்ணெய் கூட்டினால் ஓரத்தில் பிரிந்து நின்றதே தவிர, கொரகொரப்பு போகவில்லை. பழைய கடலையோ என்று வேறு பாக்கெட் மாற்றினேன். விசிலைக் கூட்டினேன். தோலை உரித்தும் பார்த்தேன். விரல் கடுத்ததுதான் மிச்சம், வித்தியாசம் கொஞ்சம்தான்.

துப்பு கிடைத்தது குக்கரின் உள்பக்கத்தில். தண்ணீர் நின்ற மட்டத்தில் வெள்ளைப் படிவு. குழாயில் வருவது போர் தண்ணீர். அதிலுள்ள கால்சியம் கடலையின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினோடு பிணைந்து இறுக்கிவிடும். வெந்ததாகத் தெரியும், மைய அரைபடாது.

200 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை ஆர்.ஓ. தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடாவோடு இரவு ஊறவைத்தேன். (வேகவைக்க மட்டும் நல்ல தண்ணீர் எடுத்தால் போதாது, ஊறும்போதே கால்சியம் ஏறிவிடும்.) அலசிவிட்டு, மறுபடி புதிதாக ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி, கால் டீஸ்பூன் சோடா போட்டு, முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் 25 நிமிடம். இரு விரலில் அழுத்தியதும் குழைந்தது. ஒருவழியாகப் பிடிபட்டது!

வெதுவெதுப்பாக இருக்கும்போதே அரைத்து, எள் விழுது 100 கிராம், எலுமிச்சைச் சாறு 3 டேபிள்ஸ்பூன், பூண்டு 2 பல், உப்பு சேர்க்கவும். எலுமிச்சை பட்டதும் எள் விழுது இறுகும். பயந்து எண்ணெய் ஊற்றாதீர்கள். ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு ஓட்டினால் வெளுத்து இளகிவிடும்.