பழைய நிரலும் உடையக் கூடாது, முடிவும் பொதுவில் எடுக்கப்பட வேண்டும்: திறமூல லைப்ரரி பராமரிப்போருக்கு

ஒரு லைப்ரரியின் ஏபிஐயில், அதாவது பிறர் தங்கள் நிரலிலிருந்து அதை அழைக்கும் வழிகளில், கைவைப்பதற்கு முன், எது பயனர்களுக்கு உரியது, எது உள்வேலைக்கு மட்டுமானது என்பதை ஆவணத்தில் எழுதிவையுங்கள். யாருடைய நிரலாவது உடைந்த பிறகு இந்த எல்லையை வகுக்க முற்பட்டால், அது விதியாக அல்ல, சாக்காகவே தெரியும்.

அடுத்து, முன்மொழிவைப் பொதுவில் வையுங்கள். மாற்றத்தின் காரணத்தை எல்லோரும் எழுதுகிறார்கள். யாருடைய நிரல் உடையும் என்பதை எழுதுவோர் குறைவு. ரஸ்ட் நிரல்மொழிக் குழுவினர் கிரேட்டர் என்ற கருவியைக் கொண்டு, பொதுவில் உள்ள ஏராளமான லைப்ரரிகளைப் புதிய கம்பைலரில் (நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருளில்) ஓட்டிப் பார்க்கிறார்கள். உங்களால் அந்த அளவுக்கு முடியாது என்றாலும், உங்கள் லைப்ரரியை நம்பியிருக்கும் பத்துத் திட்டங்களை இறக்கி, அவற்றின் சோதனைகளை உங்கள் மாற்றம் உள்ள கிளையில் (தனிப் பிரதியில்) ஓட்டி, தோற்றவற்றின் பராமரிப்பாளர்களை நேரடியாக விவாதத்துக்கு அழைக்கலாம்.

இந்த அழைப்பு எவ்வளவு முக்கியம் என்பதைப் பைத்தான் நிரல்மொழியில் நடந்தது காட்டுகிறது. ஒரு மதிப்பு எந்த வகைத் தரவு என்று நிரலில் சொல்லும் வகைக் குறிப்புகளை மதிப்பிடாமல் வெறும் எழுத்துச் சரங்களாக வைத்துக்கொள்ளும் பெப் 563 (பெப் என்பது பைத்தானில் மாற்றம் கோரும் முன்மொழிவு ஆவணம்), 2017-இல் பொதுவில் விவாதிக்கப்பட்டே ஏற்கப்பட்டது, 3.10 பதிப்பில் அதுவே இயல்பு நடைமுறையாக இருக்கும் என்று பின்னர் திட்டமிடப்பட்டது. ஆனால் அந்தக் குறிப்புகளை நிரல் ஓடும்போது படித்துத் தரவைச் சரிபார்க்கும் பைடான்டிக் லைப்ரரி, அதன்மேல் கட்டப்பட்ட ஃபாஸ்ட்ஏபிஐ ஆகியவற்றின் தரப்பிலிருந்து எதிர்ப்பு வலுத்தது 2021 ஏப்ரலில்தான், 3.10-இன் முதல் பீட்டாவுக்கு (சோதனை வெளியீட்டுக்கு) சில வாரங்களே இருந்தபோது. பைத்தானின் வழிநடத்தும் குழு அந்த மாற்றத்தை ஒத்திவைத்தது. பெப் 649 என்ற வேறு தீர்வு பல ஆண்டுகள் கழித்து 3.14-இல் வந்தது. ஒத்திவைத்தது சரியான முடிவு என்றே கருதுகிறேன். அங்கே எதுவும் மறைக்கப்படவில்லை. கதவு திறந்திருந்தது, பாதிக்கப்படுவோர் அந்தப் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

விவாதத்துக்கு வராதவர்களைச் சென்றடைவது பெரும்பாலும் நிரல் ஓடும்போது தோன்றும் எச்சரிக்கைச் செய்தி ஒன்றுதான் என்பதால், அதைக் கவனமாக எழுதுங்கள். 'இது நீக்கப்படும்' என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பதிப்பில் நீக்கப்படும், மாற்றாக எதை அழைக்க வேண்டும், விவாதம் எந்த இணைப்பில் நடக்கிறது என்ற மூன்றையும் சொல்லுங்கள். பைத்தானில் எச்சரிக்கையை எழுப்பும்போது ஸ்டாக்லெவல் என்ற அளவுருவின் மதிப்பை 2 என்று கொடுத்தால், உங்கள் லைப்ரரியின் வரிக்குப் பதிலாக அதை அழைத்த பயனரின் வரி காட்டப்படும். கைவிடப்படும் அம்சங்களுக்கான டெப்ரிகேஷன்வார்னிங் வகை எச்சரிக்கை, நேரடியாக ஓட்டப்படும் முதன்மை நிரலில் அல்லாமல் பிற மாட்யூல்களுக்குள் (நிரல் கோப்புகளுக்குள்) எழும்போது இயல்பாக மறைக்கப்படுகிறது. பைடெஸ்ட் போன்ற சோதனைக் கருவிகள் அதைக் காட்டும். ஆகவே சோதனை எழுதாத பயனர்களுக்காக வெளியீட்டுக் குறிப்பின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

கருத்துக் கூற எல்லோருக்கும் உரிமை உண்டு என்பதால் எல்லோரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்று ஆகாது. முடிவெடுப்பவர் யார், கடைசி நாள் எது என்பதை முன்மொழிவின் தலைப்பிலேயே குறியுங்கள். ஏற்காத கருத்துகளையும் ஏற்காத காரணத்தையும் அதே பக்கத்தில் பதிவுசெய்யுங்கள். நீக்கும் நாள் வந்தபின்னும் பலர் மாறவில்லை என்று தெரிந்தால், தள்ளிப்போடத் தயங்காதீர்கள். பைத்தானின் கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் மேப்பிங் முதலிய பழைய பெயர்கள் கைவிடப்படுவதாக 3.3 பதிப்பிலேயே அறிவிக்கப்பட்டும், 3.9-இல் நீக்காமல் இன்னொரு பதிப்புக்கு விட்டுவைத்து, 3.10-இல்தான் எடுத்தார்கள்.