காவடிக்கும் பூமிதிக்கும் ட்ரோன் வைப்பதற்கு முன்: டர்பன் கோயில் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

தைப்பூசக் காவடியையோ, புனித வெள்ளியன்று நடக்கும் பூமிதியையோ ட்ரோன் வைத்துப் படமெடுக்கலாம் என்று குழுக் கூட்டத்தில் பேச்சு எழுந்தால், வாடகையைப் பேசுவதற்கு முன் அதைப் பறக்கவிடுபவரின் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தென்னாப்பிரிக்க விமானப் போக்குவரத்து விதிகளின் 101ஆம் பகுதி, ஒருவர் தம் சொந்தப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுவதை ஒரு வகையாகவும், வணிகம், நிறுவனம், இலாப நோக்கற்ற அமைப்பு ஆகியவற்றுக்காகப் பறக்கவிடுவதை வேறு வகைகளாகவும் பிரிக்கிறது. நம்மவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். "என் மருமகன் காசு வாங்காமல் சேவையாகத்தானே செய்கிறான்" என்று சொல்லிவிட்டால் போதாது, ஏனெனில் இலாப நோக்கற்ற அமைப்புக்காகப் பறக்கவிடுவதற்கும் இயக்குவோர் சான்றிதழ் தேவை. கூலிக்குப் படமெடுப்பவரிடம் அதனுடன் விமானச் சேவை உரிமமும் இருக்க வேண்டும்.

அடுத்து, வரைபடத்தை விரித்துத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். தனி அனுமதி இல்லாமல் விமான நிலையம், ஹெலிகாப்டர் தளம் எதற்கும் 10 கிலோமீட்டருக்குள் பறக்கவிடக் கூடாது. டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலமும் டொங்காட்டும் கிங் ஷாகா விமான நிலையத்தின் வட்டத்துக்குள் வருகின்றன. மவுண்ட் எட்ஜ்கூம் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தாலும், வர்ஜீனியா விமான நிலையத்தின் வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. இசிப்பிங்கோவுக்குப் பக்கத்தில் உள்ள பழைய டர்பன் விமான நிலையம் இப்போது விமானப்படைத் தளம் என்பதால், அதைச் சுற்றியும் இதே வட்டத்தைப் பாருங்கள். மேலும், ஆட்களிடமிருந்தும் கூட்டத்திடமிருந்தும் 50 மீட்டருக்கு அப்பால்தான் ட்ரோன் இருக்க வேண்டும். அது ஏறக்குறைய இரண்டரை கிரிக்கெட் பிட்ச் நீளம் என்பதால், தீக்குழிக்கு நேர் மேலே நின்று எடுக்கும் படத்தை அனுமதியின்றி எடுக்கவே வழியில்லை.

சட்டத்தை எல்லாரும் ஏதோ ஒரு நாள் படித்துக்கொள்வார்கள். எனக்குப் பெரிய கவலை, கீழே நிற்பவர்களைப் பற்றியது. ஒரு வருடம் ஆற்றங்கரையில் நாங்கள் காவடி கட்டிக்கொண்டிருந்தபோது, எவருடையது என்றே தெரியாத ஒரு ட்ரோன் தலைக்கு மேல் வந்து நின்றது. அப்போதுதான் நீராடி எழுந்த பெண்கள் ஈர மஞ்சள் சேலையோடு நின்றிருந்தார்கள். அலகு குத்துவதற்காக நாக்கை நீட்டியிருந்த பையனின் முகத்தை அவன் அம்மா தன் முந்தானையால் மறைத்தாள். "தம்பி, அது யாரைப் பார்க்குது?" என்று ஒரு பாட்டி என்னைக் கேட்டார், என்னிடம் பதில் இல்லை. கைபேசியோடு எதிரில் நிற்பவரிடம் "எடுக்காதே" என்று சொல்லலாம், ஆனால் மேலே நிற்கும் இயந்திரத்திடம் யார் சொல்வது? அருள் வந்து ஆடுபவரிடம் சம்மதம் கேட்கவும் முடியாது.

ஆகவே, விரதம் தொடங்கும் நாளன்றே, பெயர் பதிவுசெய்யும் மேசையில் வைத்துக் காவடி எடுப்பவர் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுங்கள். நீராடும் இடம், உடை மாற்றும் கூடாரம், அலகு குத்தும் இடம் ஆகிய மூன்றின் மீதும் எந்த நேரத்திலும் பறக்கவிடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கோபுரமும் கொடிமரமும் வேண்டுமென்றால், கூட்டம் சேர்வதற்கு முன் விடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கப்போகும் நேரத்தை வாசலில் எழுதி வைத்து, ஒலிபெருக்கியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஸூலுவிலும் அறிவியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள், அவர்கள் முற்றமும் படத்தில் விழும்.

படம் கைக்கு வந்த பிறகும் பொறுப்பு தீராது. அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு அந்தரங்க உரிமையைத் தருகிறது. 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் உள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவரின் மத நம்பிக்கையையும் குழந்தைகளின் தகவலையும் தனிக் கவனத்துக்குரியவையாக வைத்திருக்கிறது. முகம் தெளிவாகத் தெரியும் காட்சியை, அதில் இருப்பவர் பார்த்துச் சம்மதித்த பிறகே கோயிலின் முகநூல் பக்கத்தில் போடுங்கள். வெட்டி எறிந்த பகுதிகளைப் படப்பிடிப்பாளர் எந்தத் தேதிக்குள் அழிக்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அழையாத ட்ரோன் வந்தால் கல்லெறிய வேண்டாம், அது கூட்டத்தின் தலையில்தான் விழும். நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதைக் கைபேசியில் படமெடுத்து, இரண்டு தொண்டர்களை அனுப்பி இயக்குபவரைத் தேடுங்கள்; விதிப்படி ட்ரோன் அவர் கண்பார்வைக்குள் இருக்க வேண்டும் என்பதால், அவர் பெரும்பாலும் பக்கத்துத் தெருவிலோ வாகன நிறுத்துமிடத்திலோதான் இருப்பார். இறக்க மறுத்தால், அந்தப் படத்தோடு காவல்துறையிடமும் விமானப் போக்குவரத்து ஆணையத்திடமும் புகார் கொடுங்கள்.