திருகோணமலையில் பழைய வீடு வாங்குமுன் கூரையைத் தட்டிப் பாருங்கள்

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்து திருகோணமலையில் வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1990இல் எட்டு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படகேறிப் போனவள் நான். இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் இறங்கி, முகாமிலேயே படித்து, கல்யாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளோடு 2016இல் திரும்பி வந்தேன். பத்துக்குப் பத்து அறையில் வளர்ந்தவளுக்குச் சொந்த வீடு என்றால் எவ்வளவு ஆசை இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆசைதான் என் கண்ணை மறைத்தது.

பத்திர விஷயத்தை முதலில் வேகமாக முடித்துவிடுகிறேன். அங்கே பத்திரம், இங்கே உறுதி. நொத்தாரிசு, அதாவது உறுதி எழுதும் சட்டத்தரணி, இரண்டு சாட்சிகளை வைத்து எழுதுவார், பிறகு காணிப் பதிவகத்தில் பதிவாகும். பட்டா தேடி அலையாதீர்கள், இங்கே அப்படி ஒன்று இல்லை. வில்லங்கச் சான்றுக்குப் பதிலாகப் பதிவகத்தில் முப்பது வருடத்துப் பதிவுகளைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். காணியைப் பேர்ச்சில் அளப்பார்கள், 160 பேர்ச் ஒரு ஏக்கர். சென்ட் கணக்கில் யோசித்தால் 10 பேர்ச் என்பது ஆறேகால் சென்ட்.

பெர்மிட் காணி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணி அது. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. வெறும் கடதாசியில் எழுதிக் கொடுத்தால் காசும் இல்லை, காணியும் இல்லை. ஆறேழு சகோதரர்கள் நாலு நாட்டில் இருக்கும் பிரிக்கப்படாத பங்குக் காணியும் அப்படித்தான், எல்லாரும் கையெழுத்து வைக்கும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளின் பெயரில் வாங்க நினைப்பவர்கள் குடியுரிமைச் சான்றிதழைக் கையில் எடுத்துவிட்டு வாருங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குப் பொதுவாகக் காணியைச் சொந்தமாக எழுத முடியாது.

இதையெல்லாம் நாங்கள் சரியாகவே செய்தோம். உறுதி சுத்தம், எல்லை சுத்தம், உள்ளூராட்சிச் சபை வரி பாக்கி இல்லை. எங்களைக் கவிழ்த்தது வீடேதான்.

டவுனுக்குள், டொக்யார்ட் வீதிப் பக்கமெல்லாம் எங்களால் கேட்கவே முடியாத விலை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்கள் வந்து விலை ஏறிவிட்டது. அப்படித் தேடித் தேடிக் கடைசியில் கடற்கரையிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு வீடு அகப்பட்டது. எண்பதுகளில் கட்டியது, இரண்டு அறை, மேலே கொங்கிரீட் போட்ட கூரை. நாங்கள் வாடகைக்கு இருந்த ஓட்டு வீட்டில் மழை ஒழுகி ஒழுகிச் சலித்துப் போயிருந்தது. கொங்கிரீட் கூரை என்றதும் என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ‘மேலே இன்னொரு மாடி எடுக்கலாம்’ என்றார். உள்ளே புதுப் பூச்சு, புதுப் பெயின்ட். கதவு நிலை உக்கியிருந்தது, வயரிங் பழசு, கழிவறை உடைந்திருந்தது. அதையெல்லாம் கணக்குப் போட்டு விலையைக் குறைத்தோம். நாங்கள் பார்த்தது பங்குனி மாதத்தில், வெயில் காய்ந்து எல்லாம் உலர்ந்து கிடந்தபோது.

கார்த்திகையில் மழை பிடித்தது. நாலாம் நாள் இரவு நடு அறையில் கூரைப் பூச்சு ஒரு பாய் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. பிள்ளைகள் அன்று அடுத்த அறையில் படுத்திருந்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கை நடுங்கும்.

காலையில் வந்த மேசன் அண்ணா ஏணியில் ஏறி, வெளியே தெரிந்த கம்பியை விரலால் பிடித்து இழுத்தார். பட்டை பட்டையாக உரிந்து வந்தது. விழுந்த துண்டைக் கொஞ்சம் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். “தங்கச்சி, இது கடல் மண். சண்டைக் காலத்தில ஆத்து மண் ஏத்திக்கொண்டு வர ஏலாது, கிடைச்ச மண்ணைத்தான் போட்டது” என்றார்.

நடந்தது இதுதான். நல்ல கொங்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருவேறாமல் காக்கும். கழுவாத கடல் மண்ணிலோ கடற்காற்றிலோ வந்த உப்பு கம்பிவரை போய்விட்டால் அந்தக் காவல் போய்விடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது வீங்கி வீங்கித் தன்மேல் இருக்கும் கொங்கிரீட்டையே பிளந்து தள்ளும். வெடிப்பால் தண்ணீர் இறங்க, இன்னும் துரு. மேலே எத்தனை தரம் சீமெந்து பூசினாலும் நோய் உள்ளேதான் இருக்கும். எங்களுக்கு விற்றவர் பூசியதும் அப்படித்தான். தெரிந்து பூசினாரா தெரியாமல் பூசினாரா என்று பல இரவு யோசித்துக் கோபப்பட்டிருக்கிறேன்.

கடைசியில் முட்டுக் கொடுத்துக் கூரை முழுவதையும் உடைத்து இறக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்குக் கொடுத்த காசில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போனது. இப்போது அந்த வீட்டின் மேல் மரமும் ஓடும்தான் இருக்கின்றன.

ஆகவே கொங்கிரீட் கூரை வீடு பார்க்கப் போனால் அறையின் அளவைப் பார்க்குமுன் அண்ணாந்து பாருங்கள். பீமின் அடியில் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் வெடிப்பு இருந்தால், அது கம்பி ஓடும் பாதை. மண்ணிறக் கறை எங்காவது கசிந்திருக்கிறதா பாருங்கள். வீடெல்லாம் பழைய பெயின்டாக இருந்து ஓரிடத்தில் மட்டும் புதுசாக இருந்தால் அந்த இடத்தை விடாதீர்கள். சின்னச் சுத்தியலால் கூரையையும் தூணின் அடியையும் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் கணீரென்று கேட்கும், பொருமிய இடம் வெறும் டப்பா மாதிரிப் பொத்துப் பொத்தென்று கேட்கும். சன்ஷேட்டும் படிக்கட்டின் அடியும்தான் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுக்கும் இடங்கள். தட்ட வேண்டாம் என்று விற்கிறவர் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

இதற்கு மாறாக, நாங்கள் கேவலமாக நினைத்த பழைய சுண்ணாம்புச் சுவர் ஓட்டு வீடுகளைப் பற்றி இப்போது எனக்கு வேறு எண்ணம். அறுபது எழுபது வருட வீடு என்றாலும் அதன் குறை கண்ணுக்குத் தெரியும் குறை. ஓடு உடைந்தால் ஓட்டை மாற்றலாம். கறையான் அரித்த சலாகையை மட்டும் கழற்றி வேறு போடலாம், காசு கிடைக்கிறபோது கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். முதிரை மரத்துக் கதவு, ஜன்னல் இருந்தால் அதுவே ஒரு சொத்து. குறைந்த காசுள்ளவர்களுக்கு இந்த வீடுதான் பொருத்தம் என்று துணிந்து சொல்வேன். என் பெரியம்மா 2004 சுனாமியில் இடுப்பளவு கடல் தண்ணீர் நின்ற அப்படியொரு வீட்டில் இன்றும் இருக்கிறார். சுவரின் அடியில் வருடாவருடம் வெள்ளையாக உப்புப் பூக்கும். அவர் அதைத் துடைப்பத்தால் தட்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிப்பார்.

அந்தச் சுவரைத் திருத்தும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். சுண்ணாம்புச் சுவரின்மேல் சீமெந்து பூசாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும், உப்பும் கூடவே ஏறும், இரண்டு மாரிக்குள் பூச்சு பெயர்ந்துவிடும். பழைய பூச்சைத் தட்டி எடுத்து, மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்தாலேயே பூச வேண்டும். எந்த வேலைக்கும் கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் கொங்கிரீட் குழைக்க விடாதீர்கள். ஆவணி புரட்டாதியில் சில கிணறுகள் நன்றாகவே உவர்க்கும். குழாய்த் தண்ணீர் பிடித்துக் கொடுங்கள்.

இன்னொன்று. கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்பக்கம் 300 மீட்டர் வரை கரையோர வலயம். அதற்குள் இடித்துக் கட்டுவதென்றால் சபையின் அனுமதி மட்டும் போதாது, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். ‘வாங்கி இடித்துப் புதிதாகக் கட்டலாம்’ என்று தரகர் சுலபமாகச் சொல்வார், அதை நம்பி விலை பேசாதீர்கள்.

முடிந்தால் ஒரு மாரிக்காவது வாடகைக்கு இருந்து பாருங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடை மழைதான் இந்த ஊர் வீட்டின் குணத்தைச் சொல்லும். எந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். இராமநாதபுரத்து வறட்சியில் மழைக்கு ஏங்கி வளர்ந்த எனக்கு இந்த மழையைப் பார்த்துக்கொண்டிருப்பதே முதல் வருடம் பெரிய சந்தோஷமாக இருந்தது. ஊருக்குள் திரியும் மான்கள் வந்து கேற்றடியில் நின்று எங்கள் வெண்டிக் கன்றுகளைத் தின்றதைக்கூடப் பிள்ளைகள் கொண்டாடினார்கள்.

போன வருடம் வேலூர்ப் பக்கத்து முகாமிலிருந்து என் சிநேகிதி குடும்பத்தோடு வந்தாள். மேசன் அண்ணாவுக்கு ஒரு நாள் கூலி கொடுத்து மூன்று வீடுகளுக்குக் கூட்டிப் போனோம். முதல் வீட்டில் அவர் படிக்கட்டின் அடியில் தட்டியதுமே என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது பெர்மிட் காணி. மூன்றாவது பாலையூற்றில், கடலை விட்டுத் தள்ளி, ஓடு பாதி சரிந்த ஒரு பழைய வீடு. சுவரைத் தட்டினார், கிணற்றில் ஒரு வாய் குடித்துப் பார்த்தார், “இதை எடுங்கோ தங்கச்சி” என்றார். எடுத்தாள். மாரிக்கு முன் ஓடு வேய்ந்து முடித்தார்கள். சமையலறைச் சுவர் மட்டும் பாக்கி, கச்சான் தொடங்கினதும் பூச்சைத் தட்ட மேசன் அண்ணா வருவார்.