உப்பு மரவைக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள்: பழைய அடுக்களை மரச்சாமானில் நடக்கும் தவறுகள்

கோபாலபுரம், மீனாட்சிபுரம், வாளையார் எனத் தமிழக-கேரள எல்லையோர ஊர்களில் ஓட்டு வீடு ஒன்று இடிபட்டால் கதவும் தூணும் முதல் நாளே விலை போய்விடும். கடைசிவரை மூலையில் கிடப்பது அடுக்களைச் சாமான்தான். தானியம் அளக்கும் பறை, இடங்கழி, நாழி, கல்லுப்பு போட்டு வைக்கும் உப்பு மரவை, மத்து, உலக்கை, அஞ்சறைப்பெட்டி, சிரவை என்று இந்தப் பக்கம் சொல்லும் தேங்காய் துருவுமணை. இவற்றை வாங்கி வந்து கூடத்தில் அலங்காரமாக வைக்கிறவர்கள் இப்போது நிறைய. ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் பிசுபிசுத்து, வெடித்து, மாவு கொட்டி, அவை பரணுக்கு ஏறிவிடுவதும் சகஜம்.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். பட்டறையிலிருந்து வந்த புதுப்பலகையை நடத்துகிற மாதிரியே இவற்றையும் நடத்துகிறார்கள். இவை பல வருஷம் எண்ணெயும் உப்பும் புகையும் குடித்த மரங்கள். எந்தச் சாமான் அடுக்களையில் என்ன வேலை பார்த்தது என்று கேட்காமல் அரத்தாளை எடுத்தால் பிழை அங்கேயே ஆரம்பித்துவிடும்.

வாங்கும்போதே

கடையில் எல்லோரும் மேல் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். கவிழ்த்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல 1 முதல் 2 மி.மீ. அளவில் துளைகள், அவற்றிலிருந்து முகப்பவுடர் போல மாவு கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது. வைரம் பாய்ந்த பகுதியை இந்த வண்டு பெரும்பாலும் தொடாது. மாவுச்சத்துள்ள வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். அதனால் பலா, தேக்குச் சாமானில் வெளிறிய ஓரம் எங்கே இருக்கிறதோ அங்கே நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவானாலும்.

துளை இருந்தால் மட்டும் வண்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. துடைத்து, கறுப்புக் காகிதத்தின் மேல் இரண்டு வாரம் அசைக்காமல் வையுங்கள். புது மாவு விழுந்தால் உயிரோடு இருக்கிறது. மத்து, நாழி, அகப்பை போன்ற சின்னச் சாமானுக்கு மருந்தே வேண்டாம். இரண்டு பாலிதீன் உறைக்குள் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி காட்டும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் உறையைப் பிரிப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. குளிர்ந்த மரத்தில் காற்றின் ஈரம் வேர்த்து நிற்கும். ஒரு முழு நாள் கட்டியபடியே கிடக்கட்டும்.

ஃப்ரீசரில் அடங்காத பறைக்கும் உரலுக்கும் போராக்ஸ் கலந்த மருந்தைப் பூசச் சொல்வார்கள். அது தண்ணீரில் கரைந்த மருந்து. வெறும் மரத்தில்தான் இறங்கும். எண்ணெய் ஊறிய மரத்தின் மேல் முத்து முத்தாக நின்றுவிட்டுக் காய்ந்துபோகும். உயிருள்ள வண்டோடு பெரிய சாமான் வாங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். மண்ணெண்ணெய் ஊற்றுவது பழைய பழக்கம். தீ ஆபத்தும் நாற்றமும் மிஞ்சும், ஆழத்தில் இருக்கும் புழு பிழைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, போலிப் பழமை. மட்டாஞ்சேரி யூதத் தெருவானாலும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவானாலும், புதிதாகச் செய்து கறுப்பேற்றிய சாமான் பழையதோடு கலந்து கிடக்கலாம். தேய்மானம் கை படும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரவையில் ஆள் உட்காரும் இடம் வழுவழுவென்று தேய்ந்து, ஓரங்கள் அவ்வளவாகத் தேயாமல் இருக்க வேண்டும். எல்லா முனையும் ஒரே அளவில் மழுங்கியிருந்தால் அது மெஷினில் தேய்த்தது.

கழுவுகிறேன் என்று ஊறவைப்பது

தொட்டியில் ஊறவைத்த மரம் மேலே வீங்கும், நடுவே உலர்ந்தே இருக்கும். வெயிலில் வைத்தவுடன் முனைகளில் வெடிக்கும். சலவைச் சோடா அதைவிட மோசம். தேக்கிலும் பலாவிலும் அது பட்ட இடம் திட்டுத் திட்டாகக் கறுக்கும்.

அடுப்புக்கு மேலே தொங்கிய சாமானில் படிந்த கரியை ஈரத்துணியால் தொடவே கூடாது. கரி ஈரத்தோடு சேர்ந்து மரத்தின் நாரில் இறங்கினால் பிறகு வராது. முதலில் காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். அப்புறம் டர்பென்டைனில் லேசாக நனைத்த துணியால், நார் ஓடும் திசையிலேயே, துணியை அடிக்கடி மாற்றித் துடையுங்கள். கடைசியில் மட்டும் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் பிழிந்த துணி ஒரு தடவை. நிழலில் இரண்டு மூன்று நாள் காய்ந்த பிறகுதான் அடுத்த வேலை.

அஞ்சறைப்பெட்டியின் மஞ்சள் கறையோடு மல்லுக்கட்ட வேண்டாம். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாக வெளுக்கும். திறந்து வைத்து, சில நாள் காலை வெயில் மட்டும் காட்டினால் போதும். வாசனை போக, அடுப்புக்கரித் துண்டுகளை ஒவ்வொரு அறையிலும் போட்டு மூடி வைக்கலாம்.

உப்பு மரவை

வந்தவுடன் வார்னிஷ் அடிப்பதில் அதிகம் கெடுவது இதுதான். வருஷக்கணக்கில் கல்லுப்பு இருந்த மரத்தில், சுவரின் உள்வரை உப்பு ஏறியிருக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் பாலக்காட்டுச் சித்தூர், நென்மாறைப் பக்கம் அந்த அளவைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. அப்போது மரவை வேர்க்கும். மேலே வார்னிஷ் இருந்தால் நீர் வெளியேற வழியில்லாமல் அடியில் கொப்புளம் கட்டும். தை மாதம் காய்ந்ததும் உப்பு வெள்ளைப் பூவாகப் பூத்து, வார்னிஷைச் செதில் செதிலாக உரித்துவிடும். எத்தனை கோட் அடித்தாலும் இதே கதிதான்.

செய்ய வேண்டியது: வெறும் டிஷ்யூ காகிதத்தைத் தண்ணீரில் நனைத்துக் கூழாக்கி, உள்சுவரில் அரை செ.மீ. கனத்தில் அப்புங்கள். முழுக்கக் காயும்வரை விடுங்கள். காயக் காய உப்பு காகிதத்துக்கு ஏறும். உரித்துப் போட்டு மறுபடி அப்புங்கள். இப்படி நாலைந்து முறை செய்தாலும் உப்பு முழுதும் போகாது, ஆனால் வேர்ப்பு குறையும். பிறகு மெழுகுகூட வேண்டாம், வெறும் மரமாகவே இருக்கட்டும். அடியில் ஒரு பீங்கான் தட்டு வைத்தால் மேசைக்குக் கறை ஏறாது. உள்ளே இரும்பு ஆணி, திருகு எதுவும் போடாதீர்கள்.

தேங்காய் எண்ணெய்

இதைச் சொன்னால் பாலக்காட்டுப் பக்கம் சண்டைக்கு வருவார்கள். தேங்காய் எண்ணெய் ஒருபோதும் காய்ந்து படலமாக இறுகாது. நல்லெண்ணெயும் சாமானுக்குப் பூச்சாக ஆகாது. பூசிய அன்று பளபளக்கும்; மாதக்கணக்கில் தூசி ஒட்டி, காறிப்போன வாடை வரும். தினமும் கைபட்டுத் துடைக்கப்பட்ட அடுக்களையில் அது சரி. அலமாரியில் அசையாமல் இருக்கும் சாமானுக்குச் சரிவராது.

காய்ந்து இறுகும் எண்ணெய் வேண்டுமென்றால் ஆளிவிதை எண்ணெய். பச்சையாகப் பூசினால் காய நாள் கணக்காகும். பெயிண்ட் கடையில் பதப்படுத்தியது கிடைக்கும். மெல்லியதாக ஒரு பூச்சு, கால் மணி நேரத்தில் மிச்சத்தை முழுக்கத் துடைத்து எடுப்பது, மறுநாள் அடுத்த பூச்சு. தடிமனாகப் பூசினால் மேல்தோல் இறுகி அடியில் பசையாக நிற்கும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடவே போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருண்ட துணி தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

பழைய வீட்டு உத்திரத்துக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் பூசிய நினைவில் அதையே சாமானுக்கும் கேட்பவர்கள் உண்டு. தோலில் பட்டால் கொப்புளம் போடும் எண்ணெய் அது. கைபடும் சாமானுக்கு வேண்டாம்.

பெரும்பாலானவற்றுக்குப் போதுமானது மெழுகுதான். தேன்மெழுகு 25 கிராம், மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் 100 மில்லி. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும், நேரடித் தீ கூடாது. ஆறியபின் துணியில் தொட்டு மெல்லத் தேய்த்து, அரை மணி கழித்துப் பாலிஷ் செய்தால் முடிந்தது. காறாது, வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி பூசினால் போதும். எண்ணெய் ஊறிய மரத்தில் வார்னிஷ் பிடிக்காது என்பதால், டர்பென்டைனால் துடைத்தும் துணியில் பசை வந்துகொண்டே இருந்தால் வார்னிஷ் யோசனையையே விட்டுவிடுங்கள்.

அரத்தாளும் புளியும்

கைதேய்த்துப் பளபளத்த மேல்தோல்தான் இந்தச் சாமானின் விலை. மெஷின் வைத்துத் தேய்த்தால் அரை மணியில் போய்விடும். பலாவானால் பச்சை மஞ்சளாக வெளிறி, பழைய நிறம் வர மாதங்கள் ஆகும். சிலும்பு இருக்கும் இடத்தில் மட்டும் 180 எண் அரத்தாள், பிறகு 240. முகமூடி கட்டிக்கொள்ளுங்கள், தேக்குத் தூசியும் ஈட்டி மரத் தூசியும் சிலருக்கு மூச்சை அடைக்கும். ஸ்டீல் நார் வேண்டாம். மரத்தில் சிக்கும் இரும்புத் துகள் ஈரம் பட்டதும் கறுப்புப் புள்ளிகளாகும்.

சாமானில் பழைய பச்சை, சிவப்பு பெயிண்ட் இருந்தால் தேய்க்கவே வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம்-க்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அடக்கும் விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு என்றால் ஈயம் இருக்கலாம் என்றே நினைத்துக்கொண்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பறையின் பித்தளைப் பட்டையைப் புளி போட்டு விளக்குவது வழக்கம். புளிக்கரைசல் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே இறங்கி, பச்சைக்கறை ஏற்றும். பட்டைக்கு அடியில் ஒரு பழைய ஃபிலிம் தாளோ கெட்டி அட்டையோ செருகிக்கொண்டு, பித்தளைப் பாலிஷை உலர் துணியில் தொட்டு விளக்குங்கள்.

தையில் கிழக்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்டு அடிக்கும்போது இதே பட்டை தளர்ந்து கடகடக்கும். மரம் சுருங்கியதால் வந்த தளர்ச்சி அது. உடனே சின்ன ஆணி அடித்து இறுக்குகிறார்கள். ஜூனில் மரம் வீங்கும்போது ஆணி இருக்கும் இடத்திலேயே கீறல் விடும். கடகடத்தால் கடகடக்கட்டும், மழையில் தானாக இறுகும். உரலில் இருக்கும் வெடிப்பை ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்து அடைப்பதும் இதே தப்புதான். கோடையில் விரிந்த வெடிப்பை அடைத்துவிட்டால், மழையில் மூட இடமில்லாமல் வேறு இடத்தில் பிளக்கும்.

நிறுத்தும் இடம்

வெட்டுக்கல் (செம்புரைக்கல்) சுவரில் ஹேமர் டிரில் போட்டால் துளை பொடிந்து இரண்டு மடங்காகும். அதிர்வை அணைத்துவிட்டு 8 மி.மீ. துளை, குறைந்தது 60 மி.மீ. நீளப் பிளக். மழை படும் வெளிச்சுவரின் உள்பக்கம் மாட்டினால், சாமானுக்கும் சுவருக்கும் நடுவே ரப்பர்ப் பொட்டு ஒட்டி அரை செ.மீ. இடைவெளி விடுங்கள், இல்லையெனில் பின்பக்கம் பூஞ்சை.

உலக்கையைத் திரைச்சீலைக் கம்பியாக்க ஆசைப்படுகிறவர்கள் நடு அளந்து தாங்கிகளைப் பொருத்துகிறார்கள். பூண் என்னும் இரும்பு வளையம் இருக்கும் முனை கனம். ஒரு தாங்கிக்கு மட்டும் பாரம் ஏறும். விரலில் நிறுத்திச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து இரு பக்கமும் சம தூரம் அளந்து பொருத்துங்கள். சிரவையின் நாக்கு, அதாவது துருவும் இரும்பு, சுவரைப் பார்த்து இருக்கட்டும், நாக்கைச் சுத்தியால் தட்டிக் கழற்றப் பார்த்தால் பலகை பிளக்கும்.

மர உரலின் மேல் கண்ணாடி போட்டு டீப்பாய் ஆக்கினால், 10 மி.மீ. டஃபன்ட் கண்ணாடி, எந்தப் பக்கமும் வாயைவிட 10 செ.மீ.க்கு மேல் நீட்டாமல். நான்கு சிலிக்கான் பொட்டு வைத்து காற்றுப்போக்கு விடுங்கள். செடி வைக்கிறவர்கள் நேரே மண்ணைக் கொட்டாமல், தட்டோடு ஒரு பிளாஸ்டிக் தொட்டியை உள்ளே இறக்கி, தண்ணீரை வெளியே எடுத்துத்தான் ஊற்ற வேண்டும்.

பறைக்குள் விளக்கு வைப்பதென்றால் 5 வாட் எல்இடி போதும். வயரை வாய் வழியாகவே எடுங்கள். அடியில் துளை போட்ட பறையில் நெல் நிற்காது; வீட்டில் கல்யாணம் வந்து நிறபறை (நெல் நிரப்பிய பறை) வைக்க வேண்டிய நாளில் வேறு பறை தேடி அலைய வேண்டியிருக்கும்.